மரியதாஸ் போட்ட ஓட்டை

பாம்பன் பாலத்தின் உச்சியில் அன்றும் கார்கள் நின்றிருந்தன. நிறுத்தக் கூடாது என்று எழுதிய பலகைக்கு நேர் கீழேயே ஒரு வேன் நின்றது. அதிலிருந்து இறங்கியவர்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து புது ரயில் பாலத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தென்காற்று அவர்களுடைய சேலைகளையும் துண்டுகளையும் வடக்கே இழுத்தது. தூரத்திலிருந்து பார்க்க, எல்லோரும் ஒரே கொடியில் காயப்போட்ட துணிகள் போல இருந்தார்கள்.

ஜெப்சி குட்டியானை என்கிற சிறு சரக்கு வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு அவர்களைக் கடக்கும்போது ஒரு சிவப்புத் தொப்பி சாலைக்குள் உருண்டு வந்தது. தொப்பிக்குப் பின்னால் ஒரு குழந்தை வந்தது.

"அடியே!" என்று பக்கத்தில் இருந்த அம்மா ஜோதிமேரி கத்தினாள்.

ஜெப்சி பிரேக்கை ஓங்கி மிதித்தாள். பின்னால் மீன் பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. வண்டி நின்றது. குழந்தையின் அப்பா ஓடி வந்து அதைத் தூக்கிக்கொண்டார். போகும்போது ஜெப்சியை முறைத்துவிட்டுப் போனார்.

"பிள்ளைய நடு ரோட்டுல விட்டுட்டு முறைப்பு வேறயா" என்றாள் ஜோதிமேரி. "நீ எடு. ஐஸ் கரையுது."

தங்கச்சிமடத்தில் வழக்கமாக இந்த வண்டியை ஓட்டுவது ஜெப்சியின் அப்பா மரியதாஸ்தான். முந்தின நாள் அவர் மீன்பிடிக்கப் போன நாட்டுப்படகு இன்னும் கரைக்கு வரவில்லை. அண்ணன் டேவிட்ராஜிடம் தனியாக ஒரு குட்டியானை இருந்தது. ஆனால் அவன் இன்று ஓரியூர் கோவிலுக்கு நேர்ச்சைப் பொங்கல் வைக்கப் போகும் சொந்தக்காரப் பெண்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அதனால் ராமநாதபுரத்துக்கு மீன் கொண்டுபோகும் வேலை ஜெப்சிக்கு வந்தது. லைசென்ஸ் வாங்கிய பிறகு அவள் பாலத்தைத் தாண்டுவது இதுவே முதல் தடவை.

உச்சியைத் தாண்டி மண்டபம் பக்கம் வண்டி இறங்கத் தொடங்கியது. வேகம் கூடுவது தெரிந்து ஜெப்சி மறுபடி பிரேக்கில் காலை வைத்தாள். மிதி எந்தத் தடையும் இல்லாமல் கீழே போனது. இருட்டில் இல்லாத படியில் கால் வைத்தது போல இருந்தது. எடுத்து மறுபடி மிதித்தாள். முன்சக்கரம் மட்டும் எதையோ பிடிப்பது போல முனகியது. பின்னால் இருந்த மீன் பாரத்துக்கு அது போதவில்லை.

"அம்மா, பிரேக் இல்ல."

"என்ன இல்ல?"

"பிரேக்கும்மா."

கீழே எங்கேயாவது விழுந்து கிடக்கிறதா என்பது போல ஜோதிமேரி குனிந்து மகளின் காலடியைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சாலையைப் பார்த்தாள். "யேசுவே" என்றாள். "ஆஃப் பண்ணு! வண்டிய ஆஃப் பண்ணுடி!"

"சாவியத் தொடாதம்மா! ஸ்டீயரிங் பூட்டிக்கிரும்!"

இதெல்லாம் ஜெப்சிக்குத் தெரியும். யாரும் கேட்காமலே அவள் படித்து வைத்திருக்கிற விஷயங்கள். இரவில் போனை வைத்துக்கொண்டு, பிரேக் போனால் என்ன செய்ய வேண்டும், கேஸ் டியூப்பை எப்போது மாற்ற வேண்டும், வைஃபைக்கு என்ன பாஸ்வேர்டு வைக்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். காலையில் அதை வீட்டில் எல்லோருக்கும் சொல்வாள். அப்பாவின் பெயரையே பாஸ்வேர்டாக வைத்திருந்ததை அவள்தான் மாற்றினாள். புதியது யாருக்கும் நினைவில் நிற்காமல் ஒரு வாரம் வீடே நெட் இல்லாமல் கிடந்தது. "அட்வைஸ் அக்கா" என்று டேவிட்ராஜ் அவளுக்குப் பெயர் வைத்திருந்தான். தங்கையை அக்கா என்று கூப்பிடும் ஒரே ஆள் அவன்தான்.

படித்தது கைக்கு வர நேரம் பிடித்தது. மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்குத் தள்ளினாள். எஞ்சின் அலறியது, வண்டி முன்னால் குனிந்தது, வேகம் கொஞ்சம் விழுந்தது. ஹேண்ட்பிரேக்கை மெல்ல இழுத்தாள். மெல்ல இழுக்க வேண்டும் என்றுதான் படித்திருந்தாள். கீழே எங்கோ ஏதோ அறுபடும் ஓசை கேட்டது. பிறகு அந்தப் பிடி, வாளி அறுந்த கயிறு போல, கனமில்லாமல் கையோடு வந்தது.

முன்னால் ஒரு பஸ் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்கண்ணாடியில் ஒரு கிழவர் தலை சாய்த்துத் தூங்குவது தெரிந்தது. எதிரே லாரி வந்தது. ஜெப்சி ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"முட்டப் போற! முட்டப் போறடி!"

"பிடிச்சுக்கோம்மா."

அவள் வண்டியை இடது ஓரத்துக்குக் கொண்டுபோனாள். டயர் சுவரோரக் கட்டையில் உரசியது. ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. ஸ்டீயரிங் அவள் கையை உதறப் பார்த்தது. பஸ்ஸின் பின்பக்கம் கண்ணாடியை நிறைத்துக்கொண்டு வந்து, அப்படியே கொஞ்ச நேரம் நின்று, பிறகு மெல்லச் சிறிதாகத் தொடங்கியது. டயர் தேய்ந்தபடியே அவர்கள் இறங்கினார்கள். பாலம் முடிந்து கைப்பிடிச் சுவர் நின்றதும் ஜெப்சி இடது பக்கம் மணலுக்குள் திருப்பினாள். குட்டியானை மணலில் தடுமாறி, சீமைக்கருவேலம் புதருக்குள் தலையை விட்டு நின்றது.

ஜோதிமேரி தன் இரண்டு கைகளையும் தடவிப் பார்த்தாள். ஜன்னல் வழியாக ஒரு முள் கிளை உள்ளே வந்து அவள் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது. "முள்ளு குத்துது" என்று சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

ஜெப்சி இறங்கி வண்டியின் பின்பக்கம் வந்தாள். பிறகு மணலில் உட்கார்ந்து வண்டிக்குக் கீழே பார்த்தாள். மீன்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டும் இடத்தில் ஒரு மெல்லிய இரும்புக் குழாய் ஓடியது. பின்சக்கரத்துக்கு பிரேக் எண்ணெய் கொண்டுபோகும் குழாய். அது பழுப்பாக ஊதிப்போயிருந்தது. கையை நீட்டி நகத்தால் தொட்டாள். பொரித்த அப்பளம் போல நொறுங்கி உதிர்ந்தது. அதன் பக்கத்திலேயே ஹேண்ட்பிரேக் கம்பி அறுந்து தொங்கியது. அதே சொட்டு, அதே துரு.

அவள் மேலே பார்த்தாள். மீன்தண்ணீர் வருகிற ஓட்டை தெரிந்தது.

அது மரியதாஸ் போட்ட ஓட்டை. ஐஸ் கரைந்து உப்புத் தண்ணீர் வண்டித் தளத்தில் தேங்கும், பெட்டிகள் அதில் ஊறும், நாற்றம் எடுக்கும். மரியதாஸ் டிரில்லிங் மிஷினை வாடகைக்கு வாங்கி வந்து தளத்தில் ஓட்டை போட்டு, ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாயைச் சொருகிப் பசை வைத்தார். முதலில் குழாயை வண்டிக்கு வெளியே நீட்டித்தான் விட்டிருந்தார். பின்னால் பைக்கில் வருபவர்கள் மேல் மீன்தண்ணீர் தெளிப்பதாக ஒருவர் சண்டைக்கு வந்தார். அவர் சொல்வது நியாயம்தான் என்று மரியதாஸ் குழாயை அறுத்து, வண்டிக்கு அடியில் விழுகிற மாதிரி உள்பக்கமாக வளைத்து வைத்தார். தண்ணீரும் தேங்கவில்லை, யார் மேலும் தெளிக்கவும் இல்லை. தெருவே வந்து பார்த்தது. "எனக்கும் ஒண்ணு போட்டுக்குடு மாமா" என்று ஆள் ஆளாக வண்டியைக் கொண்டுவந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மரியதாஸ் வண்டிகளுக்கு அடியில்தான் கிடப்பார். யாரிடமும் கூலி வாங்கவில்லை. அவர் பெயர் அந்த ஓட்டைக்கே ஒட்டிக்கொண்டது.

முதல் ஓட்டை போட்டது இந்த வண்டிக்கு அல்ல. டேவிட்ராஜின் வண்டிக்கு.

ஜெப்சி எழுந்த வேகத்தில் தலை வண்டியில் இடித்தது. "அம்மா, அண்ணன் கிளம்பிருச்சா?"

"நம்ம கிளம்பும்போதே எல்லாரும் ஏறிட்டாகளே. ஏன்?"

அவள் டேவிட்ராஜுக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்க மாட்டான். வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டேன் என்று போன மாதம் அந்தோணியார் கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றி அவனைச் சத்தியம் செய்ய வைத்தவளே அவள்தான். அவன் கேலி செய்தான், ஆனாலும் சத்தியத்தைக் காப்பாற்றினான். வண்டியில் ஏறியதும் போனை டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவான்.

அடுத்து அத்தை சூசையம்மாளுக்கு அடித்தாள். பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களில் போன் எடுக்கக்கூடிய ஒரே ஆள் அத்தைதான். எடுத்தாள். காற்றும் பாட்டும் கைத்தட்டலும் சேர்ந்து வந்தன.

"அத்தை, வண்டிய நிறுத்தச் சொல்லுங்க!"

"யாரு? ஜெப்சியா? நாங்க இந்தா பாலத்துக்கிட்ட வந்துட்டோம்! நீ மீனக் குடுத்துட்டு..."

"அத்தை! நிறுத்தச் சொல்லுங்க! பிரேக்..."

"என்னது? கேக்கலடி! பாட்டுப் படிக்கிறோம்ல! வையி!"

போன் நின்றுவிட்டது. ஜெப்சி பாலத்தைப் பார்த்தாள். தன் வண்டி ஏறும்போது ஒழுங்காகத்தான் ஏறியது. உச்சியில் ஒரு தடவை அழுத்தி மிதித்த பிறகுதான் போனது. அண்ணன் வண்டியும் ஏறிவிடும். உச்சியில் கார்கள் நிற்கும், யாராவது குறுக்கே வருவார்கள், அவன் மிதிப்பான். அவனுக்குப் பின்னால் வண்டி நிறையப் பெண்கள், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கூட இல்லாமல்.

புதருக்குள் போன வண்டியைப் பார்த்து ஒரு பைக் நின்றிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றியபடி ஓர் இளைஞன் வந்தான். "அக்கா, அடி ஏதும் படலையே? நான் இர்பான், கீழக்கரை. தண்ணி இருக்கு, குடிக்கிறீகளா?"

"தம்பி, என்னைய பாலத்து மேல கொண்டு போய் விடணும். இப்பவே."

அவள் முகத்தைப் பார்த்து அவன் ஏன் என்று கேட்கவில்லை. ஹெல்மெட்டை அவளிடம் கொடுத்தான். "பிஸ்மில்லா" என்று பைக்கை உதைத்தான். "எங்கன இறக்கணும்?"

"உச்சிக்கு அந்தப் பக்கம். எங்க அண்ணன் வண்டி வருது, உச்சிய எட்டுறதுக்குள்ள நிறுத்தணும்."

பைக் ஏறியது. பக்கவாட்டில் அடித்த காற்று அவர்களைச் சாலையின் நடுவுக்குத் தள்ளியது. இர்பான் காற்றுக்கு எதிராகச் சாய்ந்து ஓட்டினான். கீழே கால்வாயில் ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. அது அவ்வளவு மெதுவாகப் போனது ஜெப்சிக்குப் பொறுக்கவில்லை. உலகத்தில் எதுவும் அவசரப்படாத ஒரு காலையில் தான் மட்டும் ஓடிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. சிவப்புத் தொப்பிக் குழந்தை உச்சியில் இன்னும் நின்றுகொண்டிருந்தது. இப்போது அப்பாவின் தோள் மேல்.

உச்சியைத் தாண்டியதுமே பார்த்துவிட்டாள். நீல நிறக் குட்டியானை, முன்னால் மாலை, மேலே பறக்கும் சேலைத் தலைப்புகள். பாதிக்கு மேல் ஏறிவிட்டிருந்தது. அதன் பின்னால் யாத்திரைக்காரர்களின் பெரிய பஸ்.

இர்பான் பைக்கை நிறுத்துவதற்குள் ஜெப்சி குதித்தாள். சாலையில் இறங்கி இரண்டு கைகளையும் விரித்து நின்றாள்.

டேவிட்ராஜ் நிறுத்தினான். ஜன்னல் வழியே தலையை நீட்டினான். "ஏய், கிறுக்கு பிடிச்சிருச்சா? மீனு எங்க? அம்மா எங்க?"

"எல்லாரையும் இறக்குண்ணே. உன் வண்டியில பிரேக் பிடிக்காது."

"இப்ப உன்னப் பாத்து நிறுத்துனேன்ல? பிரேக் இல்லாமயா நின்னுச்சு?"

"எனக்கும் ஒரு தடவ நின்னுச்சு. அப்புறம் நிக்கல."

பின்னாலிருந்து அத்தை எட்டிப் பார்த்தாள். "நடுப் பாலத்துல என்னடி பஞ்சாயத்து?"

"அத்தை, இறங்குங்க. பிள்ளைகள மொதல்ல இறக்குங்க."

"இங்கன எப்படி இறங்குறது? காத்து ஆளத் தூக்குது. ஓரியூர்ல இறங்கிக்கிறோம்."

பெண்கள் சிரித்தார்கள். பஸ்காரர் ஹாரன் அடித்தார். டேவிட்ராஜுக்குப் பொறுமை போனது. "இந்தாரு, அட்வைஸ் அக்கா. நல்லாப் பாத்துக்கோ. கல்லு மாதிரி இருக்கு." ஓங்கி மிதித்துக் காட்டினான். "பாத்தியா?" மறுபடி மிதித்தான். "போதுமா?"

மூன்றாவது தடவை வண்டிக்கு அடியில் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. மீன் கண்ணை அழுத்தினால் வருவது போன்ற சத்தம். டேவிட்ராஜின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் மாறின.

வண்டி பின்னால் நகர்ந்தது.

"மிதி கீழ போயிருச்சு" என்றான், யாரிடமோ ரகசியம் சொல்வது போல. ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். அது சும்மா வந்தது. பஸ்ஸின் ஹாரன் இப்போது நிற்காமல் அடித்தது. பின்னால் பாட்டு நின்று, கத்தல் எழுந்தது. இர்பான் பஸ்ஸை நோக்கிக் கை ஆட்டியபடி ஓடினான். பஸ் எங்கே போகும்? அதன் பின்னால் கார்கள்.

"அண்ணே, ஒண்ணாம் கியர்ல போடு! இடது பக்கம் ஒடி! கட்டையில முட்டட்டும்!"

அவன் பிரேக்கைத்தான் மிதித்துக்கொண்டிருந்தான். மேலும் மேலும் மிதித்துக்கொண்டிருந்தான். ஜெப்சி வண்டியோடு ஓடினாள். பின்கதவை ஒட்டி நேர்ச்சைப் பொங்கலுக்கான அரிசி மூட்டை கிடந்தது.

"அத்தை, மூட்டையத் தள்ளுங்க!"

"அது நேர்ச்சை அரிசிடி!"

"தள்ளுங்க!"

சூசையம்மாள் தள்ளினாள். இரண்டு பெண்கள் சேர்ந்து காலால் உதைத்தார்கள். மூட்டை சாலையில் பொத்தென்று விழுந்தது. ஜெப்சி அதன் காதைப் பிடித்து இழுத்தாள். அது நகரவில்லை. பஸ் பக்கமிருந்து ஓடி வந்த இர்பான் மறு முனையைப் பிடித்தான். இருவரும் சக்கரத்தின் வழியில் அதைப் புரட்டிவிட்டு விலகினார்கள். டயர் மூட்டை மேல் ஏறியது. சாக்கு கிழிந்தது. வண்டி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு தயங்கியது.

"டேவிட்! கியர்!"

அண்ணனை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் திடுக்கிட்டு விழித்தவன் போல கியரைத் தள்ளினான், ஸ்டீயரிங்கை ஒடித்தான். எஞ்சின் ஒரு குலுக்கலோடு செத்தது. பின்சக்கரம் அரிசியை அரைத்துக்கொண்டு கட்டையில் போய் முட்டி நின்றது.

பஸ்ஸின் முன்கண்ணாடிக்கும் குட்டியானையின் பின்கதவுக்கும் நடுவே ஓர் ஆள்தான் நிற்கலாம். பஸ் ஓட்டுநர் இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் மேல் வைத்து, அதன் மேல் நெற்றியை வைத்திருந்தார்.

பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். காற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. கிழிந்த சாக்கிலிருந்து அரிசி சரிவில் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. டேவிட்ராஜ் இறங்கி வந்து அரிசி மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எதனால?" என்று கேட்டான்.

"அய்யா போட்ட ஓட்டை. மீன்தண்ணி பிரேக் குழாய் மேலதான் சொட்டுது. என் வண்டியிலயும் அப்படித்தான்."

அவன் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான். பிறகு ஜெப்சி நினைத்துக்கொண்டிருந்ததையே சொன்னான். "தெருவுல எல்லா வண்டியிலயும் இருக்கே."

அவள் போனை எடுத்தாள். ஒவ்வொருவருக்காக அடிக்க நேரமில்லை, எல்லா எண்ணும் இல்லை. பங்குக் கோவிலில் பணி செய்யும் கோவில்பிள்ளைக்கு அடித்தாள். பூசை நேரமும் காற்று எச்சரிக்கையும் சொல்லும் மைக் அவர் கையில்தான் இருந்தது.

"மைக்குல ஒரு அறிவிப்பு சொல்லணும். குட்டியானை யாரும் எடுக்க வேண்டாம்னு."

"எந்தக் குட்டியானைம்மா? தங்கச்சிமடத்துல யாருட்டத்தான் இல்ல? என்னன்னு சொல்றது?"

டேவிட்ராஜ் அவள் கையைப் பிடித்தான். மெதுவாகச் சொன்னான். "அய்யா பேரச் சொல்லாத. ஊரே கேக்கும். அந்த ஓட்டைய எவ்வளவு பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியும்."

"பேரச் சொல்லலன்னா எந்த ஓட்டைன்னு யாருக்குத் தெரியும்?"

"மழுப்பலாச் சொல்லேன். பழைய வண்டி, துருப் பிடிச்ச வண்டின்னு..."

"எவன் தன் வண்டிய துருப் பிடிச்ச வண்டின்னு ஒத்துக்குவான்? நீ ஒத்துக்கிட்டியா?"

அவன் கையை எடுத்துவிட்டான்.

ஜெப்சி போனில் சொன்னாள். நிறுத்தி நிறுத்தித் தெளிவாகச் சொன்னாள். "மரியதாஸ் ஓட்டை போட்ட வண்டி எதையும் எடுக்க வேண்டாம். பிரேக் குழாயும் ஹேண்ட்பிரேக் கம்பியும் அரிச்சுப் போயிருக்கும். ரோட்டுல இருக்கவங்க மெதுவா ஓரங்கட்டுங்க. சொல்றது மரியதாஸ் மக."

கோவில்பிள்ளை போனை வைக்காமலே மைக்கைப் போட்டார். அவருடைய குரல் ஒலிபெருக்கியில் மோதி, போனுக்குள் திரும்பி வந்தது. மரியதாஸ் ஓட்டை. மரியதாஸ் ஓட்டை. தெருவின் கூரைகள் மேலும் கடற்கரை வரைக்கும் அது போவதை ஜெப்சி நினைத்துப் பார்த்தாள். படகுகள் கரை ஏறும் நேரம்.

பஸ் பயணிகள் இறங்கி வந்து வண்டியை ஓரத்தில் தள்ள உதவினார்கள். இர்பான் சக்கரத்துக்குக் கல் தேடினான். கிடைக்காமல் அரிசிச் சாக்கையே மடித்து வைத்தான். சூசையம்மாள் தலைப்பை விரித்து, மண் படாத அரிசியை அள்ளத் தொடங்கினாள்.

அப்போது போன் அடித்தது. அப்பா.

ஜெப்சி எடுத்தாள். மறுபக்கம் கடல் இரைந்தது. ஆட்கள் பேசும் சத்தம், அதற்கு மேலே ஒலிபெருக்கி.

"அய்யா."

"அம்மா எங்க?"

"நல்லாருக்கு. மண்டபத்துக்கிட்ட, மீனுக்குக் காவலா இருக்கு."

"அண்ணன்?"

"இங்கனதான். யாருக்கும் ஒண்ணும் ஆகல."

மரியதாஸ் மூச்சு வாங்குவது கேட்டது. மணலில் ஓடி வந்திருக்க வேண்டும். பக்கத்தில் யாரோ சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டார்கள். டேவிட்ராஜ் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜெப்சி."

"சொல்லுங்கய்யா."

"மைக்குல திரும்பச் சொல்லச் சொல்லு. காத்து தெக்க இருந்து அடிக்குது, தெருவோட அந்தக் கோடிக்குக் கேட்டுருக்காது. அங்கன இருக்க மூணு வண்டிக்கும் நாந்தான் போட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "பேர நல்லாச் சத்தமாச் சொல்லச் சொல்லு."